எழுத்தைத் தொட்டால் ஒலிக்க வேண்டும்: செய்நிரலில் ஒலித்துண்டுகளை எதைக் கொண்டு இயக்குவது?

போன விஜயதசமிக்கு என் பெறாமகளுக்கு ஏடு தொடக்கினோம். தட்டில் பரப்பிய அரிசியில் அவளுடைய விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார்கள். அடுத்த கிழமையே அவளுக்கென்று ஜாவா என்ற நிரல் மொழியில் ஒரு செய்நிரல் எழுதத் தொடங்கினேன். திரையில் எழுத்துகள் நிற்கும். ஒன்றைத் தொட்டால் என் அம்மாவின் குரல் அதைச் சொல்லும். சரியான எழுத்தைக் கண்டுபிடித்தால் ஒரு சின்னத் தவில் தீர்மானம் (தாளத்தை முடித்துவைக்கும் அடிக்கோவை) ஒலிக்கும். கடைசிப் பக்கத்தில் நான்கு நிமிடக் கதை ஒன்று; அதை வாசிப்பவரும் அம்மாதான்.

பாலர் வகுப்பில் முப்பது வருடம் படிப்பித்தவர் அம்மா. முதல் பதிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பிள்ளை தொட்ட உடன சத்தம் வரோணும். பிந்தி வந்தா எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் எண்டு அதுக்கு விளங்காது."

அந்த இரண்டு வசனங்கள்தான் இந்த ஒப்பீட்டின் அளவுகோல். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் எந்த நூலகத்தில் (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பில்) என்ன வசதி என்று அடுக்குகின்றன. வசதியை எண்ணுவதை விட, நம்முடைய ஒலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது நல்லது. என் செய்நிரலில் எழுத்து, தவில், கதை மூன்றும் மூன்று விதமாக நடக்க வேண்டியவை. இதை நான் பிந்தித்தான் கண்டுகொண்டேன்.

செயற்கைக் குரலை ஏன் பாவிக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். 'காற்று', 'வெற்றிலை' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் 'ற்ற' என்பது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஒட்டி விலகும் ஒரு வல்லொலி. தமிழ்நாட்டில் பலர் அதில் ஒரு ரகரம் கேட்கும்படி சொல்வார்கள். ரிக்கற், பக்கற், கேற் என்றெல்லாம் நாங்கள் றகரம் போட்டு எழுதுவது இந்த ஒலி எங்கள் வாயில் இருப்பதால்தான். பிள்ளை வீட்டில் கேட்கும் ஒலியும் கணினியில் கேட்கும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம். ஆகவே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 பதிவுகளையும் அம்மா இருந்து பதிந்தார்.

இன்னொரு நிபந்தனை இடம் சார்ந்தது. இந்தச் செய்நிரல் எங்கள் வீட்டோடு நிற்கப் போவதில்லை. ஊரிலுள்ள முன்பள்ளிகளுக்குப் பென் டிரைவில் போக வேண்டும். அங்குள்ள கணினிகள் பழையவை. பலவற்றில் ஜாவா 8தான் உண்டு. இணையம் வரும், போகும். நிறுவும்போது எதையாவது இறக்கச் சொல்லும் வழி எதுவும் அங்கே சரிவராது.

முதலில், பழைய குறிப்புகளில் இன்னமும் காணப்படும் வழி. ஜாவாவின் ஆப்லெட் (இணையப் பக்கத்துக்குள் ஓடும் சிறு செய்நிரல்) காலத்து 'ஓடியோகிளிப்' என்ற இன்டர்ஃபேஸில் (ஒரு பொருள் என்னென்ன செய்யும் என்ற பட்டியலில்) மூன்றே மெதட்கள் (கட்டளைகள்): பிளே, லூப், ஸ்டாப். ஜாவா 1.2 இலிருந்து ஆப்லெட் இல்லாத செய்நிரலிலும் 'நியூஓடியோகிளிப்' என்று ஒரே வரியில் அதைப் பெறலாம். பொருள்நோக்கு நிரலாக்கத்தைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமலே ஒரு பொருளிடம் 'ஒலி' என்கிறோம், அது ஒலிக்கிறது. ஆனால் ஒலி எப்போது முடிந்தது என்று அது சொல்லாது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. 2017 இல் வந்த ஜாவா 9 ஆப்லெட் தொகுதி முழுவதையும் கைவிடப்பட்டதாகக் குறித்தது. 2021 இன் ஜாவா 17 அதை நீக்கப் போவதாக அறிவித்தது. ஜாவா 26 இல் நீக்கியே விட்டார்கள். அதன் எளிமையை விரும்பியவர்களுக்காக ஜாவா 25 இல் 'சவுண்ட்கிளிப்' என்ற புதிய கிளாஸ் (பொருள்களை உருவாக்கும் அச்சு) வந்திருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் ஒலிக்கும், ஒலித்துக்கொண்டிருக்கிறதா என்றும் கேட்கலாம். புதிய ஜாவாவை மட்டும் நம்பி எழுதுபவர்கள் அதைத் தாராளமாக எடுக்கலாம். முன்பள்ளிக் கணினியிலுள்ள ஜாவா 8 இல் அது இல்லை. எனக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது 'ஜாவாஎக்ஸ் சவுண்ட்' தொகுதியிலுள்ள 'கிளிப்'. ஜாவா 1.3 இலிருந்து இருப்பது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஒலி முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளும். 'ஸ்டார்ட்' என்றதும் ஒலிக்கும். வேவ், ஏயூ, ஏஐஎஃப்எஃப் கோப்புகளை வாசிக்கும்; எம்பி3 ஐத் தானாக வாசிக்காது.

கிளிப்பில் நான் பட்ட சிரமங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எல்லாரும் இதே இடங்களில்தான் இடறுகிறார்கள். முதல் தரம் தொட்டால் 'அ' ஒலிக்கும், இரண்டாம் தரம் மௌனம். கிளிப் ஒருமுறை முடிவுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். ஃபிரேம் நிலையை, அதாவது ஒலியில் வந்து நிற்கும் இடத்தை, பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டாவது, 'ஸ்டார்ட்' என்ற மெதட் ஒலி முடியும்வரை காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். சோதனைக்காக எழுதிய நாலு வரிச் செய்நிரலில் ஒலி வருவதற்கு முன் செய்நிரலே முடிந்துபோவது இதனால்தான். மூன்றாவது, ஜார் கோப்புக்குள் (செய்நிரலை மொத்தமாகக் கட்டிய பொதிக்குள்) இருக்கும் ஒலியைத் திறக்கும்போது 'மார்க், ரீசெட் இல்லை' என்ற பிழை வரும். வாசித்ததைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் ஒரு பஃபர் ஸ்ட்ரீமை இடையில் சுற்றிக் கொடுத்தால் தீரும்.

நான்காவதுதான் பெரியது. முதல் பதிப்பில், பொத்தானைத் தொட்ட நேரத்தில்தான் கோப்பைத் திறந்து, கிளிப்பை உருவாக்கி, ஏற்றி, ஒலிக்க வைத்தேன். ஜாவாவின் திரை நூலகமான ஸ்விங்கில் பொத்தானைக் கவனிக்கும் த்ரெட்டும் (தனி வேலை வரிசையும்) திரையை வரையும் த்ரெட்டும் ஒன்றே. பழைய கணினியில் வன்தட்டு கோப்பைத் தேடி எடுக்கும்வரை திரையும் உறைந்து நின்றது. பிள்ளை என்ன செய்யும்? மறுபடி தொடும், மறுபடியும் தொடும். எல்லாத் தொடுகைகளும் வரிசையில் நின்று பிறகு ஒவ்வொன்றாக ஒலித்தன. அப்போது அவள் அடுத்த எழுத்துக்குப் போயிருந்தாள். அம்மா சொன்னதும் இதைத்தான்.

ஆகவே முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும். 247 கிளிப்புகளையும் தொடக்கத்திலேயே திறந்தால் என்ன? நினைவகம் தடையில்லை. செக்கனுக்கு 22,050 மாதிரி (ஒலியலையின் அளவீடு), 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு செக்கன் ஒலி 44,100 பைட். 247 எழுத்தும் சராசரி ஒரு செக்கன் என்று வைத்தால் ஏறக்குறைய 10.9 மெகாபைட்தான். தடை வேறு இடத்தில் இருக்கிறது. திறந்திருக்கும் ஒவ்வொரு கிளிப்பும் இயங்குதளத்திடம் ஓர் ஒலி வழியைப் பிடித்து வைத்திருக்கும். ஒரேயடியாக நூற்றுக்கணக்கில் கேட்டால் கணினி மறுத்துவிடக்கூடும். 'லைன் கிடைக்கவில்லை' என்ற விதிவிலக்கு, அதாவது பிழையறிவிப்பு, எறியப்படும்.

இதற்கு விடை நெடுங்கணக்கிலேயே இருந்தது. ஒரு மெய்யும் அதன் பன்னிரண்டு உயிர்மெய்யும் சேர்ந்தால் 13: க், க, கா தொடங்கிக் கௌ வரை. உயிர் பன்னிரண்டோடு ஆய்தம் சேர்ந்தாலும் 13. பதினெட்டு மெய் வரிசைப் பக்கங்களும் ஓர் உயிர்ப் பக்கமும் ஆகப் 19 பக்கம். 19 பதின்மூன்று 247. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. பக்கம் திறக்கும்போது 13 கிளிப் திறக்கும், பக்கம் மாறும்போது அந்தப் 13 உம் மூடும். ஒரு பக்கத்துக்கு 0.6 மெகாபைட்டும் இல்லை. பக்கம் புரளும் அசைவு திரையில் ஓடும் நேரத்துக்குள், வேறொரு த்ரெட்டில், எல்லாம் ஆயத்தமாகிவிடும்.

திரையும் ஒலியும் அமைக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸ் நூலகம் இன்னொரு தெரிவு. அதிலும் 'ஓடியோகிளிப்' என்றே ஒரு கிளாஸ் இருக்கிறது. பெயர்தான் ஒன்று, ஆப்லெட் காலத்ததோடு உறவில்லை. சத்த அளவு, வேகம், இடம் வலம் என்று எல்லாவற்றையும் மாற்றலாம். முக்கியமான வேறுபாடு, அதே பொருளிடம் மூன்று தரம் 'பிளே' என்றால் மூன்று ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். நீண்ட ஒலிக்கு 'மீடியாபிளேயர்' என்று தனிக் கிளாஸ் உண்டு. அது கோப்பை முழுதாக ஏற்றாமல் ஓட ஓட வாசிக்கும், எம்பி3 உம் வாசிக்கும். வசதியை மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம். ஆனால் ஜாவா 11 இலிருந்து ஜாவாஎஃப்எக்ஸ் ஜாவாவோடு சேர்ந்து வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் வேறு வேறு கோப்பு. பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு அது சுமை.

இங்கே ஒரு கேள்வியை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பது வசதியா, இடைஞ்சலா? எழுத்துக்கு அது இடைஞ்சல். பிள்ளை 'ழ'வை மூன்று தரம் படபடவென்று தொட்டால், மூன்று ழகரம் கலந்து இரைச்சலாகக் கேட்கக்கூடாது. ஒலித்துக்கொண்டிருப்பது அறுபட்டு, புதிய 'ழ' முதலிலிருந்து வர வேண்டும். கிளிப் ஒரே நேரத்தில் தன்மேல் தானே ஒலிக்க முடியாது என்பதை எல்லாரும் குறையாக எழுதுகிறார்கள். எழுத்து படிப்பிக்கிற செய்நிரலுக்கு வேண்டியது அதேதான்.

தவில் வாசிப்புக்கு இது தலைகீழ். யாழ்ப்பாணத்து இணுவில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன ஊர். அங்கே தவில் வாசிக்கும் நண்பர் ஒருவர்தான் தீர்மானத்தைப் பதிந்து தந்தார். விசைப்பலகையிலேயே தவில் வாசிக்க ஒரு செய்நிரல் செய்ய முடியுமா என்றும் கேட்டார். அதற்கு ஓர் அடியின் நாதம் அடங்குமுன் அடுத்த அடி விழ வேண்டும், முதல் அடி அறுபடக்கூடாது. பிந்தலும் அங்கே வேறு கணக்கு. நிமிடத்துக்கு 120 அட்சரம் என்றால் ஓர் அட்சரம் 500 மில்லி செக்கன், அதை நாலாகப் பிரித்தால் ஒரு மாத்திரை 125. ஒலி வழியின் பஃபர் 4,096 ஃபிரேம் என்றால் 44,100 மாதிரி வேகத்தில் அதுவே 93 மில்லி செக்கன். மாத்திரையின் முக்கால்வாசி போய்விட்டது. 512 ஃபிரேம் என்றால் 12 மில்லி செக்கனுக்குள் அடங்கும். கிளிப்பில் இந்தப் பஃபர் நம் கையில் இல்லை. அந்த வேலைக்கு அதே ஜாவாஎக்ஸ் சவுண்ட் தொகுதியிலுள்ள 'சோர்ஸ் டேட்டா லைன்' வேண்டும். பஃபர் அளவை நாமே சொல்லி, எல்லா அடிகளின் மாதிரிகளையும் நாமே கூட்டிக் கலந்து, தனி த்ரெட்டில் இடைவிடாமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். வேலை கூட, ஆனால் பிந்தல் நம் பிடியில். எழுத்துச் செய்நிரலுக்குள் அதைக் கொண்டுவருவது எறும்பைத் தூக்க யானையைக் கூப்பிட்ட மாதிரி. கதைக்கு மட்டும் அதன் எளிய வடிவத்தைப் பாவித்தேன். நான்கு நிமிடம் 10.6 மெகாபைட், அதை முழுதாக ஏற்றாமல் துண்டு துண்டாக வாசித்து எழுதினால் போதும்.

பைத்தன் என்ற நிரல் மொழியைச் சொல்லாமல் விட முடியாது, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் கற்பது அதைத்தான். அதன் விளையாட்டு நூலகமான பைகேமில் 'சவுண்ட்' என்ற பொருள் கிளிப்பைப் போல நினைவகத்தில் இருக்கும். 'மியூசிக்' நீண்ட ஒலிக்கு, ஒரு நேரத்தில் ஒன்றுதான். வழமையாக எட்டு ஒலித்தடங்கள் கிடைக்கும். எட்டும் ஓடிக்கொண்டிருக்கையில் ஒன்பதாவதை ஒலிக்கச் சொன்னால் பிழையும் வராது, சத்தமும் வராது. இதை அறியாமல் மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். தடங்களின் எண்ணிக்கையை ஒரே வரியில் கூட்டலாம். மாணவர் செயற்றிட்டம் என்றால் பைகேமையே எடுக்கச் சொல்வேன். ஒரு பின்னேரத்தில் ஒலி கேட்டுவிடும், அந்த ஊக்கம் பெரிது. முன்பள்ளிக் கணினிகளில் பைத்தன் இல்லாததால் மட்டுமே நான் எடுக்கவில்லை.

எந்தக் கருவி என்பதைவிட நீண்ட நாள் என்னை யோசிக்க வைத்தது, ஒலி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. பொருள்நோக்கில் எழுதுபவர் எல்லாரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவார்கள்.

ஒரு வழி, 'ஒலிப்பொருள்' என்று தாய்க் கிளாஸ் ஒன்றை எழுதி, அதன் இயல்புகளை 'எழுத்து' மரபுரிமையாகப் பெறுவது. இலக்கணத்தில் எழுத்து என்பதே ஒலிதானே என்று முதலில் எனக்கும் சரியாகப் பட்டது. ஆனால் அதே இலக்கண பாடத்தில் நாங்கள் படித்தது எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டென்பது. எழுத்து ஒலிவடிவத்தை உடையது. உடையது என்றால் மரபுரிமை இல்லை, உள்ளே ஓர் உறுப்பாக வைத்திருப்பது. தாய்க் கிளாஸ் ஒலியானால், ஜாவாவில் தாய் ஒன்றுதான் என்பதால், பிறகு எழுத்தைத் திரைப் பொத்தானிலிருந்து மரபுரிமை பெறச் செய்யவும் முடியாது.

சரி, ஒவ்வோர் எழுத்தும் தன் கிளிப்பை உள்ளே வைத்திருக்கட்டும் என்றால்? அதையும் செய்து பார்த்தேன். 'ல'வைத் தொட்டு அது முடியுமுன் 'ள'வைத் தொட்டால் இரண்டும் கலந்து ஒலிக்கும். 'ள'வுக்கு 'ல' ஒலித்துக்கொண்டிருப்பது தெரியாது, அதை அடக்கும் உரிமையும் இல்லை. ல, ள, ழ வேறுபாட்டைக் கேட்டுப் பழக்கவே செய்த பக்கத்தில் இரண்டும் கலந்து கேட்டால் செய்நிரல் எதற்கு?

கடைசியில் நின்றது மூன்றாவது வழி. எழுத்துக்குத் தன் ஒலிக் கோப்பின் பெயர் மட்டும் தெரியும். 'ஒலிப்பான்' என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதில் நாலு மெதட்: ஆயத்தப்படுத்து, ஒலி, நிறுத்து, விடுவி. இப்போது ஒலித்துக்கொண்டிருப்பது எது என்பது ஒலிப்பானுக்குத் தெரியும். புதியது கேட்டால் பழையதை நிறுத்திவிட்டுத் தொடங்கும். கிளிப்பைக் கொண்டு செய்த ஒலிப்பான் ஒன்று, டேட்டா லைனைக் கொண்டு கதைக்கு ஒன்று, எதுவும் ஒலிக்காத 'ஊமை ஒலிப்பான்' ஒன்று. மூன்றாவது விளையாட்டுக்கில்லை. ஒலிபெருக்கி இல்லாத கணினியில் செய்நிரல் பிழையோடு நின்றுவிடாமல் எழுத்துகளையாவது காட்ட அது வேண்டியிருக்கிறது. சோதனை எழுதும்போதும் அதுவே கை கொடுக்கிறது.

பலர் இந்த ஒலிப்பானை எங்கிருந்தும் எட்டக்கூடிய ஸ்டாட்டிக் பொருளாக வைப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பக்கம் ஒன்றை உருவாக்கும்போதே கன்ஸ்ட்ரக்டரில் ஒலிப்பானைக் கொடுக்கிறேன். யாரிடம் ஒலி இருக்கிறது என்பது நிரலை வாசிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். கிளாஸ், மெதட் பெயர்களைத் தமிழிலேயே எழுதினேன். ஜாவாவும் பைத்தன் 3 உம் அதை ஏற்கின்றன. ஜாவா 18 இலிருந்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் வழமையானது. அதற்கு முந்தியவற்றில் தொகுக்கும்போது அதைக் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸில் பெயர்கள் சிதையும்.

கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிந்தலுக்கு நிரலைக் குற்றம் சொல்லுமுன் பதிவைத் திறந்து பாருங்கள். அம்மா மூச்செடுத்துச் சொல்லத் தொடங்குமுன் ஒவ்வொரு பதிவிலும் கால் செக்கனுக்குக் குறையாத மௌனம் இருந்தது. எந்தக் கிளாஸை எடுத்திருந்தாலும் அந்தக் கால் செக்கன் அப்படியே இருந்திருக்கும். ஒலி திருத்தும் செய்நிரலான ஓடாசிட்டியில் 247 இன் முன்மௌனத்தையும் வெட்டிய அன்றுதான் அம்மா முதல் தரம் "ம்ம், இப்ப சரி" என்றார். மாதிரி வேகத்தைத் தொலைபேசி போல 8,000 க்கு இறக்காதீர்கள். 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளது எல்லாம் போய்விடும். 'ச', 'ஸ' போன்ற உரசொலிகள் மங்கும். 22,050 என்றால் 11,000 வரை நிற்கும். பேச்சுக்கு அது தாராளம். 16 பிட் வேவாகவே எடுங்கள்.

ஆக, என் தெரிவு: எழுத்துக்கும், தனியாக ஒருமுறை மட்டும் ஒலிக்கும் தவில் தீர்மானத்துக்கும் கிளிப், கதைக்குச் சோர்ஸ் டேட்டா லைன், இரண்டுக்கும் முன்னால் ஒலிப்பான். ஜாவாவின் புதிய பதிப்பை நிறுவ முடிந்த இடமென்றால் கிளிப்புக்குப் பதில் சவுண்ட்கிளிப் போதும். துப்பாக்கிச் சத்தமும் வெடிச் சத்தமும் கலக்க வேண்டிய விளையாட்டு என்றால் ஜாவாஎஃப்எக்ஸ், அல்லது பைகேம். இசைக்கருவி என்றால் டேட்டா லைனைத் தவிர வேறொன்றையும் நான் நம்ப மாட்டேன்.

இந்தக் கிழமை அம்மா 'ங' வரிசையை மறுபடி பதிகிறார். முதல் பதிவில் பின்னால் முற்றத்துக் காகம் கேட்கிறது. ஙௌ வரை யாரும் தொட மாட்டார்கள் என்று நான் சொல்லியும் அவர் விடவில்லை. பதின்மூன்று புதிய கோப்புகளை அதே பெயரில் பழையவற்றின் இடத்தில் போட வேண்டும். நிரலில் ஒரு வரியும் மாறாது.